சூழல் துப்புரவு ஒப்பந்த எதிர்ப்பு முறையீடு (ஐக்கிய அமெரிக்கா)

சூழல் துப்புரவு ஒப்பந்த எதிர்ப்பு முறையீடு என்பது, ஐக்கிய அமெரிக்க நடுவண் அரசின் துறையொன்று மாசடைந்த நிலம், நிலத்தடி நீர், கதிரியக்கக் கழிவு முதலியவற்றைத் துப்புரவு செய்யும் பணியை ஒரு நிறுவனத்திற்கு வழங்கும்போது, அப்போட்டியில் தோல்வியுற்ற நிறுவனம் அம்முடிவு விதிகளுக்கு முரணானது எனச் சட்டப்படி முறையிடும் நடைமுறை ஆகும். ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பிலேயே குறை இருப்பின் அதனையும் இவ்வாறு எதிர்க்கலாம். எல்லா வகை அரசுக் கொள்முதலுக்கும் பொதுவான நடைமுறையே இது. எனினும் துப்புரவுப் பணிகளில் ஒப்பந்தத் தொகை மிகப் பெரியதாகவும், பணிக்காலம் நீண்டதாகவும், போட்டியிடும் நிறுவனங்கள் மிகச் சிலவாகவும் இருப்பதால் இதன் விளைவுகள் இங்கு தெளிவாகத் தெரிகின்றன.

எதிர்ப்பு முறையீட்டை விசாரிக்கும் அமைப்பு எந்த நிறுவனம் நிலத்தைச் சிறப்பாகத் துப்புரவு செய்யும் என்று ஆராய்வதில்லை. துறை, தான் அறிவித்த மதிப்பீட்டு முறையையும் சட்டத்தையும் பின்பற்றியதா என்பதையே ஆராய்கிறது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாமல் இத்துறைத் தீர்ப்புகளைப் படிப்பவர்களுக்கு அவற்றுட் பல விந்தையாகத் தோன்றும்.

வரலாறு

நெடுங்காலமாக, அரசு யாருடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது அரசின் விருப்பத்தைப் பொறுத்ததென்றே கருதப்பட்டது. 1940 ஆம் ஆண்டில் பெர்க்கின்சு எதிர் லூக்கன்சு எஃகு நிறுவனம் என்ற வழக்கில், அரசுக்குப் பொருள் விற்க விரும்பும் நிறுவனங்களுக்கு அரசின் கொள்முதல் நிபந்தனைகளை நீதிமன்றத்தில் எதிர்க்கும் தகுதி இல்லை என உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிமன்றக் கதவு இவ்வாறு மூடியிருந்த காலத்தில், முறையீடுகள் வேறொரு வாயில் வழியாகச் சென்றன. 1921 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பொதுக் கணக்கு அலுவலகம் அரசுக் கணக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் பெற்றிருந்தது. முறைகேடான ஒப்பந்தத்தின்கீழ்ச் செலுத்தப்படும் பணத்தை அது ஏற்க மறுக்கலாம் என்பதால், தோற்ற நிறுவனங்கள் 1920களிலேயே அதனிடம் முறையிடத் தொடங்கின. இவ்வலுவலகம் 2004 ஆம் ஆண்டில் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

1970 ஆம் ஆண்டில் இசுக்கான்வெல் ஆய்வகம் தொடர்பான தீர்ப்பு, மாவட்ட நீதிமன்றங்களில் வழக்குத் தொடுக்க வழி திறந்தது. 1984 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய 'ஒப்பந்தப் போட்டிச் சட்டம்' பொறுப்புடைமை அலுவலகத்தின் அதிகாரத்தை முதன்முறையாகச் சட்டநூலில் எழுதியதோடு, முறையீடு வந்தவுடன் ஒப்பந்தப் பணியை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டையும் புகுத்தியது. ரீகன் அரசு இதனை விரும்பவில்லை. நாடாளுமன்றத்தைச் சார்ந்த ஓர் அலுவலகம் ஆட்சித் துறையின் பணியை நிறுத்துவது அரசியலமைப்புக்கு முரணானது என வாதிட்டு, அவ்விதியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று துறைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. வெசுட்டு பாயிண்ட் இராணுவக் கல்விக்கழகத்தின் குழாய்ச் சீரமைப்புப் பணியை இழந்த அமெரான் என்னும் நிறுவனம் தொடுத்த வழக்கில், 1986 ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

1996 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நடுவண் உரிமைக்கோரல் நீதிமன்றத்திற்கு இவ்வழக்குகளை விசாரிக்கும் விரிவான அதிகாரத்தை அளித்தது. மாவட்ட நீதிமன்றங்களின் அதிகாரம் 2001 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது.

முறையிடும் இடங்கள்

தோற்ற நிறுவனத்திற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒப்பந்தம் வழங்கிய துறையிடமே முறையிடலாம். பொறுப்புடைமை அலுவலகத்திடம் முறையிடலாம். அல்லது நடுவண் உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். முதல் வழி எளியது, செலவு குறைந்தது. ஆயினும் முடிவெடுத்தவரிடமே முடிவை மாற்றக் கோருவதால் பெரிய ஒப்பந்தங்களில் இதனைப் பெரிதும் நம்புவோர் குறைவு.

பொறுப்புடைமை அலுவலகம் 100 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். முறையீடு கிடைத்த 30 நாட்களுக்குள் துறை தன் அறிக்கையையும் தொடர்புடைய ஆவணங்களையும் அளிக்க வேண்டும். அடுத்த 10 நாட்களுக்குள் முறையிட்டவர் மறுமொழி தர வேண்டும். போட்டி நிறுவனங்களின் விலைவிவரமும் தொழில்நுட்ப இரகசியங்களும் இவ்வாவணங்களில் இருக்கும் என்பதால், பாதுகாப்பாணை ஒன்று பிறப்பிக்கப்பட்டு, அதன்கீழ் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே அவற்றைப் பார்க்கலாம். தம் வழக்கறிஞர் கையில் இருக்கும் தாளை நிறுவனத்தின் உரிமையாளர் பார்க்க முடியாது என்பது இந்நடைமுறையின் விந்தைகளுள் ஒன்று. ஒப்பந்தத்தை வென்ற நிறுவனமும் இடையீட்டாளராகச் சேர்ந்து தன் வெற்றியைக் காக்க வாதிடலாம்.

பொறுப்புடைமை அலுவலகம் நாடாளுமன்றத்தைச் சார்ந்தது. ஆகவே அது ஆட்சித் துறைக்கு ஆணையிடுவதில்லை, பரிந்துரையே செய்கிறது. பரிந்துரையைத் துறை ஏற்காவிடில் அதனை அலுவலகம் நாடாளுமன்றத்திற்கு அறிவிக்க வேண்டும். துறைகளுக்கு நிதி ஒதுக்குவதும் அதே நாடாளுமன்றம்தான் என்பதால், பரிந்துரைகள் அனேகமாக எப்போதும் ஏற்கப்படுகின்றன. நீதிமன்றம் அவ்வாறன்று, அது தடையாணை பிறப்பிக்கும். பொறுப்புடைமை அலுவலகத்தில் தோற்றவர் அதன்பின் நீதிமன்றத்தை நாடவும் தடையில்லை.

காலக்கெடு

இத்துறையில் வலுவான வாதங்கள் பல, நாள் தவறியதாலேயே கேட்கப்படாமற் போகின்றன. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே தெரியும் குறையை, ஒப்பந்தப்புள்ளி அளிக்கும் இறுதி நேரத்திற்கு முன்பே எதிர்க்க வேண்டும். குறையைப் பார்த்தும் பேசாதிருந்து, தோற்றபின் அதனைக் கையிலெடுக்க முடியாது. நீதிமன்றத்திலும் இதே விதியை 2007 ஆம் ஆண்டின் புளூ அண்ட் கோல்டு ஃபிளீட் தீர்ப்பு நிலைநாட்டியது. அல்கத்திராசுத் தீவுக்குப் பயணிகளை ஏற்றிச்செல்லும் படகுச் சேவை பற்றிய வழக்கு அது.

மற்றைய காரணங்களுக்கு, காரணம் தெரியவந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 10 நாட்கள் உண்டு. தோற்ற நிறுவனம், முடிவு அறிவிக்கப்பட்ட 3 நாட்களுக்குள் எழுத்து மூலம் கேட்டால், அதன் ஒப்பந்தப்புள்ளி எங்கு குறைந்தது என்பதைத் துறை விளக்க வேண்டும். பெரும்பாலான முறையீடுகள் இவ்விளக்கக் கூட்டத்திலேயே கருக்கொள்கின்றன.

பணி நிறுத்தத்திற்குத் தனிக் கெடு ஒன்று உள்ளது. ஒப்பந்தம் வழங்கிய 10 நாட்களுக்குள், அல்லது துறை கட்டாயமாகத் தர வேண்டிய விளக்கத்திற்குக் குறித்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள், இவற்றுள் எது பிந்தியதோ அதற்குள், முறையீடு பற்றிய அறிவிப்பு பொறுப்புடைமை அலுவலகத்திலிருந்து துறையைச் சென்றடைந்தால், ஒப்பந்தப் பணி தானாகவே நிறுத்திவைக்கப்படும். முறையீடு பதிவாவது மட்டும் போதாது, அறிவிப்பு துறையின் கையில் கிடைக்க வேண்டும். எனவே அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் கடைசி நாள்வரை காத்திருப்பதில்லை. நாட்டு நலனுக்குத் தேவை என்றோ, அவசரமான சூழ்நிலை என்றோ எழுத்தில் காரணம் காட்டித் துறை இந்நிறுத்தத்தை மீறலாம். நச்சுக் கசிவை உடனே தடுக்க வேண்டிய பணிகளில் இக்காரணம் பொருத்தமாக அமையும்.

துப்புரவு ஒப்பந்தங்களில் எழும் காரணங்கள்

துப்புரவு ஒப்பந்தம் கட்டிட ஒப்பந்தத்தைப் போன்றதன்று. ஒரு பாலத்திற்கு எவ்வளவு இரும்பும் சிமெந்தும் தேவை என்று முன்னரே கணக்கிடலாம். நிலத்தடியில் அறுபது ஆண்டுகளாகக் கிடக்கும் தொட்டிக்குள் என்ன இருக்கிறது, மண்ணில் அது எவ்வளவு தொலைவு பரவியுள்ளது என்பதைத் தோண்டிப் பார்க்கும்வரை எவராலும் உறுதியாகக் கூற இயலாது. எனவே பெரிய துப்புரவுப் பணிகள் பெரும்பாலும் நிலையான விலைக்கு விடப்படுவதில்லை. ஆன செலவை அரசு ஈடுசெய்து, அதன்மேல் ஊதியமும் அளிக்கும் முறையில் விடப்படுகின்றன.

இம்முறையில் நிறுவனம் குறிப்பிடும் தொகைக்குப் பொருள் குறைவு. எவ்வளவு குறைத்து எழுதினாலும், உண்மைச் செலவு பின்னர் அரசின் தலையிலேயே விழும். அதனால் துறை, ஒவ்வொரு நிறுவனமும் கூறும் செலவு அந்நிறுவனத்தின் வேலைத்திட்டத்திற்குப் போதுமானதா என ஆராய்ந்து, போதாதெனின் தானே அதனை உயர்த்திக் கணக்கிட வேண்டும். இது செலவு மெய்ம்மை ஆய்வு எனப்படும். எத்தனை பணியாளர்கள், எத்தனை மணிநேரம், எந்தத் தொழில்நுட்பம் என்னும் விவரங்களில் துறை கவனக்குறைவாக இருந்தது எனக் காட்ட முடிந்தால் முறையீடு வெல்லக்கூடும்.

அடுத்தது நலன் முரண்பாடு. ஒரு நிலத்தின் மாசை ஆய்வு செய்து, துப்புரவுத் திட்டத்தை வரைந்து கொடுத்த நிறுவனமே பின்னர் துப்புரவுப் பணிக்கும் போட்டியிட்டால், திட்டத்தைத் தனக்குச் சாதகமாக எழுதியிருக்கலாம் என்ற ஐயமும், பிறருக்குக் கிடைக்காத தகவல் அதனிடம் உள்ளது என்ற ஐயமும் எழும். சூழல் ஆலோசனை நிறுவனங்களும் துப்புரவு நிறுவனங்களும் ஒன்றையொன்று வாங்கி இணையும் இக்காலத்தில் இது அரிய நிகழ்வன்று. அறிவிப்பில் கூறாத அளவுகோலைப் பயன்படுத்தியது, ஒரு நிறுவனத்திடம் மட்டும் விரிவாகக் கலந்துரையாடியது, முன்னைய பணிகளின் தரத்தைச் சமமாக எடைபோடாதது என்பனவும் வழக்கமான காரணங்கள்.

குறையைக் காட்டினால் மட்டும் போதாது. அக்குறை நிகழாதிருந்தால் தனக்கு ஒப்பந்தம் கிடைத்திருக்க உண்மையான வாய்ப்பு இருந்தது என்பதையும் முறையிட்டவர் காட்ட வேண்டும்.

சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கிய பணிகளில் வேறொரு வகை எதிர்ப்பும் உண்டு. வென்ற நிறுவனம் உண்மையில் சிறு நிறுவனமே அன்று என 5 வேலைநாட்களுக்குள் எதிர்ப்புத் தெரிவித்தால், சிறு வணிக நிர்வாகம் அதனை விசாரிக்கும். துப்புரவுச் சேவைக்கான தொழிற்குறியீடு 562910 இவ்விடயத்தில் தனித்தன்மை கொண்டது. இக்குறியீட்டின் பொது அளவுகோல் ஆண்டு வருமானம். ஆனால் குறைந்தது மூன்று தனித்தனித் தொழில்கள் சேர்ந்த சூழல் மீட்புப் பணியாயின், பணியாளர் எண்ணிக்கையே அளவுகோல். ஒரே நிறுவனம் ஓர் அளவுகோலின்படி சிறியதாகவும் மற்றதன்படி பெரியதாகவும் இருக்கலாம் என்பதால், அறிவிப்பில் எந்த அளவுகோல் குறிக்கப்பட்டுள்ளது என்பதே சில வேளைகளில் முடிவைத் தீர்மானிக்கிறது.

சவன்னா ஆறு

தென் கரோலினா மாநிலத்திலுள்ள சவன்னா ஆற்று வளாகத்தில் அணுவாயுத உற்பத்தியின் நீர்மக் கழிவு நிலத்தடித் தொட்டிகளில் சேமிக்கப்பட்டது. இதனைக் கையாளும் பணியை 2017 அக்டோபரில் எரிசக்தித் துறை, பி.டபிள்யூ.எக்ஸ்.டி., பெக்டெல், அனிவெல் ஆகியவற்றின் கூட்டுக்கு வழங்கியது. பத்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 470 கோடி டாலர் பெறுமதியான ஒப்பந்தம் இது. தோற்ற இரு கூட்டுகள் முறையிட்டன. ஒன்றில் ஏகாமும் சி.எச்.2.எம். நிறுவனமும், மற்றதில் ஃபுளூரும் வெசுட்டிங்கவுசும் இருந்தன. வென்ற கூட்டின் தொழில்நுட்ப அணுகுமுறையைத் துறை நியாயமான முறையில் மதிப்பிடவில்லை என 2018 பெப்ரவரியில் பொறுப்புடைமை அலுவலகம் கண்டது. மறு ஆய்வில் இறங்கிய துறை, 2019 ஆம் ஆண்டில் அறிவிப்பையே விலக்கிக்கொண்டது.

இடைக்காலத்தில் பணியை யார் செய்தார்கள்? 2009 ஆம் ஆண்டு முதல் அங்கிருந்த பழைய ஒப்பந்ததாரரே, நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்புப் பெற்று 2022 வரை தொடர்ந்தார். அந்நிறுவனத்தை முன்னின்று நடத்தியது, முறையிட்டவர்களுள் ஒருவரான ஏகாம். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆயினும் பணியிலிருக்கும் நிறுவனம் தோற்கும்போது, முறையீடு நிலுவையிலுள்ள ஒவ்வொரு மாதமும் அதற்கு வருமானம் தரும் மாதமே என்பதைக் கொள்முதல் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுவது வழக்கம்.

இதன் பிற்பகுதியும் குறிப்பிடத்தக்கது. 2021 அக்டோபரில் புதிய ஒப்பந்தத்தை வென்ற கூட்டில் பி.டபிள்யூ.எக்ஸ்.டி., ஃபுளூர், ஏகாமின் ஒரு பிரிவு தனியாகப் பிரிந்து உருவான அமென்டம் ஆகியவை இருந்தன. அதாவது, 2017 ஆம் ஆண்டில் மூன்று எதிரணிகளில் நின்றவர்கள் நான்கு ஆண்டுகளில் ஒரே அணியினர் ஆயினர்.

ஆன்ஃபோர்டு

வாசிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் 1943 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஆன்ஃபோர்டு வளாகமே நாகசாகி மீது வீசப்பட்ட குண்டுக்குப் புளுத்தோனியத்தைத் தந்தது. அங்கு 177 நிலத்தடித் தொட்டிகளில் ஏறத்தாழ 5.6 கோடி கேலன், அதாவது சுமார் 21 கோடி லிட்டர் கதிரியக்கக் கழிவு தேங்கியது. தொட்டிகளில் 149 ஒற்றைச் சுவர் கொண்டவை. அவற்றுட் பல கடந்த காலத்தில் கசிந்தவை எனக் கருதப்படுகின்றன.

தொட்டிகளைப் பராமரிக்கும் பணி 2008 ஆம் ஆண்டு முதல் ஒரே நிறுவனத்திடம் இருந்தது. அடுத்த ஒப்பந்தம் 2020 மே மாதத்தில் பி.டபிள்யூ.எக்ஸ்.டி., ஃபுளூர் ஆகியவற்றின் கூட்டுக்கு 1,300 கோடி டாலர் அளவுக்கு வழங்கப்பட்டது. தோற்றவர்கள் பொறுப்புடைமை அலுவலகத்தை நாட, துறை தானே திருத்த நடவடிக்கை எடுப்பதாகக் கூறி, பின்னர் அவ்வழங்கலைக் கைவிட்டது. தொட்டிப் பணியோடு கழிவைக் கண்ணாடியாக மாற்றும் ஆலையை இயக்கும் பணியையும் சேர்த்து, பத்தாண்டுகளுக்கு 4,500 கோடி டாலர் வரையிலான புதிய ஒப்பந்தம் உருவாக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் இது பி.டபிள்யூ.எக்ஸ்.டி., அமென்டம், ஃபுளூர் ஆகிய மூன்றின் கூட்டுக்குக் கிடைத்தது.

தோற்ற கூட்டு இம்முறை நேரே நீதிமன்றம் சென்றது. அரசுடன் ஒப்பந்தம் செய்வோர் அனைவரும் 'சாம்' எனப்படும் அரசின் இணையப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளி அளிக்கும் நேரம் முதல் ஒப்பந்தம் வழங்கும் நேரம் வரை அப்பதிவு தொடர வேண்டும் என்பது அப்போதைய கொள்முதல் விதியின் வாசகம். மதிப்பீடு நடந்த காலத்தில் வென்ற கூட்டின் பதிவு காலாவதியாகி, சில நாட்கள் இடைவெளி ஏற்பட்டிருந்தது. விதியின் சொற்கள் தெளிவாக உள்ளன, இடைவெளி விட்ட கூட்டு ஒப்பந்தம் பெறத் தகுதியற்றது என 2023 சூனில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவைப் பிரித்தெடுக்கும் முறையோ, பொறியாளர்களின் திறமையோ, செலவோ இத்தீர்ப்பின் அடிப்படையாகவில்லை. 4,500 கோடி டாலர் ஒப்பந்தம் ஓர் இணையப் படிவத்தின் புதுப்பிப்பில் இடறி விழுந்தது.

மறு மதிப்பீட்டின்பின் 2024 பெப்ரவரியில் துறை அதே கூட்டுக்கே மீண்டும் ஒப்பந்தத்தை வழங்கியது. அக்கூட்டு 2025 ஆம் ஆண்டில் பணியைப் பொறுப்பேற்றது. இதற்கிடையில், 2024 நவம்பரில் கொள்முதல் விதி திருத்தப்பட்டது. ஒப்பந்தப்புள்ளி அளிக்கும்போதும் ஒப்பந்தம் வழங்கப்படும்போதும் பதிவு இருந்தால் போதும், இடையில் நேரும் இடைவெளி தகுதியைப் பாதிக்காது என்பது அத்திருத்தம்.

எண்ணிக்கையும் விளைவும்

எதிர்ப்பு முறையீடுகள் அரசுப் பணிகளை முடக்குகின்றன என்ற குறை அடிக்கடி கூறப்படுவது. ஆனால் ராண்ட் நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தங்களில் 0.3 விழுக்காட்டுக்கும் குறைவானவையே எதிர்க்கப்பட்டன. 2024 நிதியாண்டில் பொறுப்புடைமை அலுவலகம் விசாரித்து முடிவு கூறிய முறையீடுகளில் 16 விழுக்காடு முறையிட்டவருக்குச் சாதகமாயின. இதனினும் பொருளுள்ள எண் வேறொன்று உண்டு. தீர்ப்புக்கு முன்பே துறை தானாகத் திருத்த நடவடிக்கை எடுத்தவற்றையும் சேர்த்தால், ஏதேனும் பலன் கண்ட முறையீடுகள் 52 விழுக்காடு. 2023 நிதியாண்டில் வெற்றி விகிதம் 31 விழுக்காடாக உயர்ந்ததற்கு, தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் ஒன்றை எதிர்த்து ஏராளமான நிறுவனங்கள் ஒரே நேரத்தில் வென்றது காரணம். பொதுப்போக்காக அதனைக் கொள்ளக்கூடாது.

வென்றவருக்கு ஒப்பந்தம் கிடைத்துவிடும் என்பதும் தவறான எண்ணம். பெரும்பாலும் கிடைப்பது மறு மதிப்பீடு. ஆன்ஃபோர்டில் நிகழ்ந்ததுபோல் அதன் முடிவு பழைய முடிவாகவே இருக்கலாம். முறையீட்டுச் செலவையும், சில வேளைகளில் ஒப்பந்தப்புள்ளி தயாரித்த செலவையும் அரசு ஈடுசெய்யப் பரிந்துரைக்கப்படும். இழந்த இலாபம் ஈடுசெய்யப்படுவதில்லை.

முறையிட முடியாதோர்

சட்டம் 'அக்கறையுள்ள தரப்பு' என ஏற்பது, ஒப்பந்தப்புள்ளி அளித்த அல்லது அளிக்கவிருந்த, முடிவால் நேரடிப் பொருளாதாரப் பாதிப்பு அடையும் நிறுவனத்தை மட்டுமே. மாசடைந்த நிலத்தின் அருகில் வாழ்வோர், அந்நிலத்தடி நீரைக் குடிப்போர், வளாகத்தில் வேலை செய்வோர் எவரும் இவ்வரைவிலக்கணத்துள் அடங்கார். கொலம்பியா ஆற்றில் மீன்பிடிக்க 1855 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின்படி உரிமையுள்ள யாக்கமா முதலிய பழங்குடி நாடுகளும் ஆன்ஃபோர்டு ஒப்பந்தத்தை இவ்வழியில் எதிர்க்க இயலாது. அரசின் தவறைக் கண்டுபிடிக்கும் காவற்பணியைச் சட்டம் தோற்ற போட்டியாளரின் தன்னலத்திடம் ஒப்படைத்துள்ளது. அவருக்கு ஆவணங்களைப் படிக்கத் தூண்டுதலும் உண்டு, வழக்கறிஞர்களுக்குக் கொடுக்கப் பணமும் உண்டு. ஆனால் அவர் தமக்கு உதவும் தவறை மட்டுமே தேடுவார்.

துப்புரவு முறையையே எதிர்க்க விரும்பும் குடிமக்களுக்கு வேறு சட்டங்கள் உள்ளன. அங்கும் ஒரு தடை உண்டு. 1980 ஆம் ஆண்டின் 'சூப்பர்ஃபண்டு' சட்டத்தில் 1986 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட பிரிவு, அச்சட்டத்தின்கீழ் நடைபெறும் துப்புரவுப் பணியை அது முடிவதற்கு முன் நடுவண் நீதிமன்றங்களில் எதிர்ப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. வழக்குகளால் துப்புரவு தாமதமாகக் கூடாது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். போட்டி நிறுவனங்களின் ஒப்பந்த முறையீடுகளுக்கு அத்தகைய தடை இல்லை. ஆன்ஃபோர்டில் மாநில அரசுக்கு மட்டும் ஓரளவு பிடிமானம் உள்ளது. எரிசக்தித் துறை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாசிங்டன் மாநிலம் ஆகிய மூன்றும் 1989 ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்பாட்டில் குறித்த கெடுக்கள் தவறினால் மாநிலம் நடவடிக்கை எடுக்கலாம். யாருக்கு ஒப்பந்தம் என்பதில் அதற்கும் குரல் இல்லை.

2021 ஏப்ரலில், ஆன்ஃபோர்டின் பி-109 என்னும் ஒற்றைச் சுவர்த் தொட்டி கசிவதாக எரிசக்தித் துறை அறிவித்தது. முந்தைய ஆண்டு வழங்கிய ஒப்பந்தம் அப்போது கைவிடப்பட்டிருந்தது. அடுத்த ஒப்பந்தம் வழங்கப்பட இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. தொட்டிகளைக் கவனித்துவந்தது, 2008 ஆம் ஆண்டில் வந்த பழைய ஒப்பந்ததாரரே.